எய்தவனும் எய்யக் கற்பித்தவனும்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம்மவர் பழமொழி. அம்புக்கு அறிவில்லை, எய்தவனுக்கு உண்டு. ஆதலால் குற்றம் எய்தவனையே சேரும். இதில் ஐயமில்லை. ஆனால் அவனுக்கு வில்லைக் கொடுத்தவன் ஒருவன் இருந்தான். குறி பார்க்கக் கற்பித்தவன் ஒருவன் இருந்தான். அவர்களும் அம்பைப் போல அறிவற்றவர்கள்தானா? அல்லது எய்தவனுடைய குற்றத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டா? உண்டென்றால் எவ்வளவு?

தனி மனிதர் காரியத்தில் இதற்கு விடை கூறுவது அத்துணைக் கடினமன்று. அரசாங்கங்களின் காரியத்திலோ கற்றவர்களும் தடுமாறுகிறார்கள். ஓர் அரசாங்கம் யுத்தம் நடத்தும் நட்பு நாட்டுக்குக் கப்பலும் கருவியும் கொடுக்கிறது. அதன் போர்வீரருக்குப் பயிற்சியும் அளிக்கிறது. பிறகு அந்தச் சேனையின் குண்டுகளால் குற்றமற்ற குடிமக்கள் மடிகிறார்கள். உதவிய அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ளலாமா? அந்த அரசாங்கத்துக்கு வாக்கும் வரியும் கொடுக்கும் பிரஜைகளாகிய நாம் கழுவிக்கொள்ளலாமா? இது எங்கோ தூர தேசத்துக் கேள்வியன்று. நம் கடற்கரைக்குத் தெற்கே, பாக்கு நீரிணைக்கு அப்பால், நம் மொழி பேசும் மக்கள் நடுவே நடந்த யுத்தத்தைப் பற்றிய கேள்வி.

ஏணி பிடித்த வேலைக்காரன்

ஒழுக்க நூல்களில் பழைய வழக்கு ஒன்று உண்டு. எஜமான் ஒருவன் பிறர் வீட்டுச் சன்னல் வழியே ஏறிப் பாதகம் செய்யப் போகிறான். வேலைக்காரன் அதை அறிந்தும் அவனுக்குத் தோள் கொடுக்கிறான். ஏணி கொண்டுவந்து பிடிக்கிறான். எஜமானுக்கு அஞ்சித்தான் செய்தான். பாதகத்தை மனதார விரும்பினவன் அல்லன். ஆகவே இவன்மேல் கனமான குற்றமில்லை என்று சிலர் போதித்தார்கள். 11-ம் இன்னொசேந்து பாப்பரசர் 1679-ம் ஆண்டில் அந்தப் போதனையைக் கண்டனம் செய்தார். "நான் விரும்பவில்லை" என்ற ஒரு சொல் மட்டும் ஒருவனைக் காப்பாற்றாது என்பதே இதன் கருத்து.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். கொல்லன் கத்தி செய்து விற்கிறான். அதை வாங்கிய நூறு பேரில் ஒருவன் அதனால் கொலை செய்தான் என்பதற்காகக் கொல்லனைத் தூக்குமேடைக்கு அனுப்புவார் எவருமில்லை. அப்படிச் செய்தால் உலகில் எவரும் எவருக்கும் எதையும் கொடுக்க முடியாது.

இவ்விரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது எங்கே? அர்ச். அல்போன்ஸ் லிகோரியார் முதலிய வேதபாரகர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கூறியவற்றை மூன்று கேள்விகளில் அடக்கலாம். முதலாவது, உதவியவன் எதை அறிந்திருந்தான், எதை அறிந்திருக்கக்கூடும்? இரண்டாவது, அவன் உதவி தீச்செயலுக்கு எவ்வளவு அருகில் இருந்தது? ஏணியை விற்பது வேறு. அதைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு. மூன்றாவது, உதவுவதற்கு எவ்வளவு கனமான நியாயம் இருந்தது. தீமையைத் தடுக்கத் தன் கையிலிருந்த வழிகளை அவன் உபயோகித்தானா? தனி மனிதனுக்கு உண்டான இத்தராசு அரசாங்கத்துக்கும் உண்டு. சிறிய களவுக்கு ஒரு நீதி, பெரிய யுத்தத்துக்கு வேறு நீதி என்று எந்த நூலும் கூறவில்லை.

நடந்தது என்ன?

2000-ம் ஆண்டில் நமது கடற்படையின் 'சரயு' என்னும் ரோந்துக் கப்பல் இலங்கைக்குச் சென்று 'சயுர' எனப் பெயர் மாறியது. பின்னர்க் கடலோரக் காவற்படையின் 'வராஹா'வும் சென்றது. வானில் வரும் விமானங்களைக் கண்டறியும் ராடார்க் கருவிகள் கொடுக்கப்பட்டன. இலங்கை ராணுவ அதிகாரிகள் நம் நாட்டுப் பயிற்சிக் கல்லூரிகளில் கற்றார்கள். நீலகிரியில் வெலிங்டனில் உள்ள கல்லூரியும் அவற்றில் ஒன்று.

2007 மே மாத இறுதியில், தேசியப் பாதுகாப்பு ஆலோசகராயிருந்த எம். கே. நாராயணன் சென்னைக்கு வந்து, அப்போதைய முதலமைச்சர் கருணாநிதியைச் சந்தித்தபின் பத்திரிகை நிருபர்களிடம் பேசினார். இலங்கை ஆயுதத்துக்காகச் சீனாவிடமும் பாகிஸ்தானிடமும் போகலாகாது. வேண்டியதை நம்மிடம் கேட்கட்டும். ஆனால் தாக்கும் ஆயுதங்களை நாம் கொடுப்பதில்லை. இதுவே அவர் கூற்றின் சாரம். 2008 செப்டம்பர் 9 அன்று விடுதலைப் புலிகள் வவுனியா படைத்தளத்தைத் தாக்கியபோது, அங்கு ராடார்ப் பணியிலிருந்த இந்தியர் இருவர் காயமடைந்தார்கள். நம்மவர் அத்தனை அருகில் இருந்தார்கள் என்பதைச் சாதாரண ஜனங்கள் அன்றுதான் அறிந்தார்கள்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் எழுதியது. பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடங்களில் எறிகணைகள் விழுந்தன, மருத்துவமனைகள் தாக்கப்பட்டன, இறுதிக் கட்டத்தில் மடிந்த குடிமக்களில் பெரும்பாலோர் அரசுப் படையின் எறிகணைகளால் மடிந்தார்கள். மடிந்தோர் தொகை 40,000 வரை இருக்கலாம் என்பதையும் தள்ளிவிட முடியாது என்று அக்குழு கூறியது. விடுதலைப் புலிகள் ஜனங்களைக் கேடயமாகப் பிடித்துவைத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை மறைக்காமல் எழுதியிருக்கிறது.

2021-ல் காலமான மன்னார் மேற்றிராணியார் இராயப்பு யோசேப்பு ஆண்டவர், 2011 ஜனவரியில் இலங்கை அரசின் ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியிலிருந்தவர்கள் 4,29,059 பேர். யுத்த முடிவில் அரசின் பக்கம் வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேர் எங்கே? இத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. அரசாங்கத்தின் கணக்கைக்கொண்டே அரசாங்கத்தைக் கேட்டார். அவருக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான சங். பிரான்சிஸ் யோசேப்பு சுவாமியார், யுத்தத்தின் கடைசி நாளில் சரணடைந்தவர்களோடு சென்றார். அதன்பின் அவரைக் கண்டவர் எவருமில்லை.

மூன்று கேள்விகளும் நம் அரசும்

இப்போது தராசை எடுப்போம். முதற் கேள்வி, அறிந்திருந்தார்களா என்பது. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில், அர்ச். இராயப்பர் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மேல் இலங்கை விமானப்படை குண்டு வீசிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பரில் மடுமாதா கோவில் வளாகத்தில் எறிகணை விழுந்து, அடைக்கலம் தேடி வந்தவர்கள் பலர் மாண்டனர். அது எவருடைய எறிகணை என்பதில் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் குறை கூறினர். 2008 அக்டோபரில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, யுத்தத்தை நிறுத்தச் செய்யும்படி மத்திய அரசை வற்புறுத்தியது. சில நாட்களில் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி நின்றது. ஆகையால் "அறியோம்" என்று கூற டில்லிக்கு இடமில்லை.

இரண்டாவது கேள்வி, உதவி எவ்வளவு அருகில் இருந்தது என்பது. இங்கே நியாயம் பேசவேண்டும். புலிகளுக்குச் சிறு விமானங்கள் இருந்தன; 2007 மார்ச்சில் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தின்மேல் குண்டு வீசினர். அவற்றைக் கண்டுபிடிக்கும் ராடார் கேடயமே அன்றி வாள் அல்ல. ரோந்துக் கப்பலும் வன்னி மருத்துவமனைமேல் விழுந்த எறிகணை அல்ல. எனினும், ஒரு கையில் உறுதியான கேடயம் உள்ளவன் மறு கையிலுள்ள வாளை அச்சமின்றி வீசுவான் என்பதைப் போர்க்கலை கற்ற எவரும் மறுக்கமாட்டார். பயிற்சியோ இன்னும் நுட்பமான காரியம். கொடுத்த கப்பலைத் திரும்பக் கேட்கலாம். கற்ற வித்தையைத் திரும்பக் கேட்க வழியில்லை. ஆகவே நம் அரசைக் கொலைகாரன் என்பதும் அநியாயம். தூரத்துக் கொல்லன் என்பதும் அநியாயம். ஏணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டிலேயே இருந்து கூக்குரலையும் கேட்டவன் நிலை எதுவோ, அதுவே நம் அரசின் நிலை.

மூன்றாவது கேள்விதான் கனமானது. கூக்குரல் கேட்டபின் என்ன செய்தது? இன்னின்ன தீங்கு நடந்தால் உதவி நிற்கும் என்ற நிபந்தனை எதுவும் வெளிப்படையாக வைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. நாடாளுமன்றத்துக்குக் கணக்கு ஒப்புவிக்கப்படவில்லை. கொடுப்பவனுக்கு உள்ள பெரிய அதிகாரம், நிறுத்துவேன் என்று சொல்லும் அதிகாரம். அதை நம் அரசு ஊரறிய உபயோகிக்கவில்லை.

ஆட்சேபங்களும் விடைகளும்

"ஆயுதந்தாங்கிய கலகக்காரரை அடக்க ஓர் அரசுக்கு உரிமையில்லையா? அதற்கு உதவுவது எப்படிக் குற்றமாகும்?" உரிமை உண்டு. விடுதலைப் புலிகள் சிறுவர்களைப் போரில் தள்ளினர், குடிமக்களைக் கொன்றனர், 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் நம் முன்னாள் பிரதம மந்திரியையும் அவரோடு பலரையும் கொன்றனர். ஆனால் யுத்தம் தொடங்க நியாயம் இருந்தால், அதை எப்படியும் நடத்தலாம் என்பது பொருளன்று. குடிமக்கள் என்றும் போர்வீரர் என்றும் பிரித்துப் பாராமல் ஊர்களை அழிப்பது சர்வேசுரனுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ல் தீர்மானமாகப் போதித்தது. நியாயமான காரியத்துக்கு உதவத் தொடங்கியவன், அது அநியாய வழியில் நடப்பதைக் கண்டபின்னும் அதே கையோடு உதவினால், முதல் நியாயம் அவனைக் காவாது.

"நாம் கொடாவிட்டால் சீனா கொடுக்குமே?" கொடுத்திருக்கும், கொடுக்கவும் செய்தது. இவ்வாதத்தைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். நான் கள் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரன் விற்பான் என்பவனை நாம் எத்தனை முறை கண்டித்திருக்கிறோம்! மற்றவன் செய்வான் என்பதால் தீமை நன்மையாகாது. ஆனால் இதில் ஓர் உண்மை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவனால்தான் கையைப் பிடித்துத் தடுக்க முடியும். முற்றும் விலகினவனுக்கு அந்த வாய்ப்பில்லை. சரி, அப்படியானால் பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்தானா என்று கேட்கவேண்டும். பிடிப்பதற்காக அருகில் இருந்தேன் என்பது நியாயம். அருகில் இருப்பதற்காகப் பிடிக்காமலிருந்தேன் என்பது நியாயமன்று.

"பயிற்சி பெற்ற வீரன் ஒழுங்கறிந்தவன், அவன் குடிமக்களைக் கொல்லமாட்டானே?" இருக்கலாம். போர்ச் சட்டம் கற்ற அதிகாரி கல்லாதவனைவிட மேலானவன் என்று நம்ப விரும்புகிறோம். ஆனால் அதற்குச் சோதனை வேண்டும். எந்தப் படைப்பிரிவிலிருந்து வந்தான், திரும்பிப்போய் என்ன செய்தான் என்று கேளாமல் பயிற்சி கொடுப்பது, பரீட்சை வையாமல் பட்டம் கொடுப்பது போன்றது.

தாம்பரமும் எலகங்காவும்

2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் தாம்பரம் விமானப்படை நிலையத்தில் பயிற்சி பெறுவதாகச் செய்தி வந்தது. அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களைத் திருப்பியனுப்பக் கேட்டார். எல்லாக் கட்சியினரும் கொதித்தனர். மத்திய அரசு அவர்களைப் பெங்களூர் அருகேயுள்ள எலகங்காவுக்கு மாற்றியது. நம்மில் பலர் அத்துடன் திருப்தியடைந்தனர்.

வாசகர்களே, இதை எண்ணிப் பாருங்கள். பயிற்சி குற்றமானால் அது எலகங்காவிலும் குற்றமே. குற்றமில்லையானால் தாம்பரத்திலும் குற்றமில்லை. மனச்சாட்சியின் கேள்வியை நாம் மாநில எல்லையின் கேள்வியாக மாற்றிவிட்டோம். நம் கண்ணுக்குப் படாவிட்டால் போதும் என்றிருந்தோம். அதே ஆண்டு மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்து இந்தியா வாக்களித்திருந்தது. ஒரு கை குற்றத்தை விசாரிக்கச் சொல்லி உயர்ந்தது. மறு கை பயிற்சி அளித்தது. இரண்டும் ஒரே உடலின் கைகள் என்று எவரும் கேட்கவில்லை.

அதே தராசில் நாம்

இதுவரை படித்தவர்கள் தலையசைத்திருப்பார்கள். இனிச் சொல்வது அத்தனை இனிப்பாயிராது. பிறர் கொடுத்த ஆயுதத்தை நிறுக்கும் தராசில் நாம் கொடுத்ததையும் நிறுக்கவேண்டும்.

1982 மே 19 அன்று நம் தியாகராய நகரில், ஜனங்கள் நெருங்கும் பாண்டி பஜாரில், பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஆயுதம் எத்தகையவர் கையில் இருந்தது என்பதை நகரம் அன்றே கண்டது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் கொல்லப்பட்டபோது எழுந்த கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தின் நடுவே, பல ஈழ இயக்கங்களின் இளைஞர்களுக்கு இந்திய அரசு ரகசியமாகப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை (1997) இதைப் பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் முகாம்கள் நடந்தன. அன்று இந்நகரில் அதை எதிர்த்தவர்கள் மிகச் சிலர்; கைதட்டியவர்கள் அநேகர்.

பின்னர் நடந்ததைப் பாருங்கள். 1985 மே 14 அன்று அனுராதபுரத்தில் புலிகள் 146 பேரைச் சுட்டுக்கொன்றனர். பேருந்து நிலையத்தில் நின்றவர்கள், அரசமரத்தடியில் வணங்கியவர்கள். 1990 ஆகஸ்டு 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 1987-ல் அமைதி காக்கச் சென்ற நம் படை, நம்மிடம் கற்றவர்களோடு போரிட நேர்ந்தது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே உயிர்விட்டார்கள். அப்படையின் கையாலும் குற்றமற்றவர்கள் மடிந்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டதை யாழ்ப்பாணத்தார் இன்னும் மறக்கவில்லை. ஆயுதம் நம் தெருவுக்கும் வந்தது. 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். 1990 ஜூனில் கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு ஸ்ரீபெரும்புதூர்.

அனுராதபுரத்துச் சிங்களத் தாயும் நவாலித் தமிழ்த் தாயும் சிந்திய கண்ணீர் வெவ்வேறானதன்று. கொழும்புக்குக் கொடுத்தது குற்றம், இயக்கங்களுக்குக் கொடுத்தது தர்மம் என்பவர் நீதியைப் பேசவில்லை, இனத்தைப் பேசுகிறார். அவ்வாறே, இயக்கங்களுக்குக் கொடுத்ததை மட்டும் குற்றமென்று, கொழும்புக்குக் கொடுத்ததை ராஜதந்திரம் என்பவரும் நீதியைப் பேசவில்லை, அதிகாரத்தைப் பேசுகிறார்.

பொறுப்பு எங்கே நிற்கிறது?

பொறுப்பைத் தேடுகிறவன் அதை யார் தலையிலும் சுமத்தலாகாது. 2012 செப்டம்பரில், பூண்டி மாதா கோவிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கை யாத்திரிகர்களை ஒரு கூட்டம் விரட்டியது. அவர்கள் ஊர் திரும்பத் திருச்சி விமான நிலையம் செல்லும் வழியில் பேருந்துகள்மேல் கல் வீசினார்கள். சிங்களரும் தமிழருமாக, பெண்களும் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். எறிகணை எய்தவர்களை விட்டு, செபமாலை ஏந்தி வந்தவர்களைத் தாக்குவதில் என்ன வீரம்? ஓர் அரசின் பாவத்துக்கு அதன் பிரஜை ஒவ்வொருவரும் அடிபடவேண்டுமானால், நம் அரசு கொடுத்ததற்காக நாமும் அனுராதபுரத்தில் அடிபடவேண்டியவர்களே.

பிரஜையின் பொறுப்பு அடிபடுவதில் இல்லை, கேட்பதில் இருக்கிறது. வாக்களிப்பவன் வாய் திறக்கக்கூடியவன். திறக்கக்கூடியவன் திறவாமலிருந்தால் அந்த மௌனமும் கணக்கில் சேரும்.

எதைக் கேட்பது? வழி இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1997 முதல், செனட்டர் லேஹியின் பெயரால் வழங்கும் ஒரு சட்டம் உண்டு. கொடிய மனித உரிமை மீறல் செய்ததாக நம்பத்தகுந்த தகவல் உள்ள அந்நியப் படைப்பிரிவுக்கு உதவி கொடுக்கலாகாது என்பது அதன் சாரம். வேண்டிய நட்பு நாடுகளுக்கு அதைத் தளர்த்திவிடுகிறார்கள் என்ற குறை அங்கேயே எழுகிறது. ஆயினும் சட்டம் இருப்பதால்தான் அக்குறையைக் கேட்க முடிகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2013 ஏப்ரலில் ஏற்ற ஆயுத வர்த்தக உடன்படிக்கையும் இத்தகைய விசாரணையைக் கட்டாயமாக்குகிறது. அதில் வாக்களியாமல் ஒதுங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இது பழங்கதை என்று எண்ணவேண்டாம். 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கு உடன்படிக்கை செய்துகொண்டன. அயலார் நட்பாயிருப்பது நல்லதே. யுத்தமில்லாத காலத்தில் நிபந்தனை வைப்பது எளிது. குண்டு விழத் தொடங்கியபின் வைப்பது கடினம். ஆகவே இதுவே கேட்கத் தக்க காலம்.

மயிலை, தியாகராய நகர் வாசிகள் தென் சென்னைத் தொகுதியின் வாக்காளர்கள். நம் மக்களவை உறுப்பினர் எக்கட்சியினராயினும், அவருக்கு ஒரு கடிதம் எழுத ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிமையுண்டு. அதில் மூன்று கேள்விகள் போதும். நம் நாட்டில் எந்த அந்நியப் படைகள் பயிற்சி பெறுகின்றன? பயிற்சி பெறுவோர் முன்பு என்ன செய்தார்கள் என்று விசாரிப்பது யார்? அவர்கள் குடிமக்கள்மேல் ஆயுதம் திருப்பினால் உதவியை நிறுத்தும் சட்டம் எப்போது வரும்?

இக்கேள்விகளை டில்லி விரும்பாமல் இருக்கலாம். ஆனால் ஏணியைக் கொடுக்குமுன் "எந்த வீட்டுக்கு?" என்று கேட்பவன் நட்புக்குத் துரோகம் செய்தவன் ஆகான்.